வாசகர் கேள்வி–பதில்: அயலூர் வசந்தத்துக்கு அழைப்பு வந்தால்

குன்னூர்ச் சாலையோர ஜக்கரண்டா மரங்கள் ஊதா நிறத்தில் பூத்து உதிரத் தொடங்கிவிட்டால், இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கும் மாறிவிடுகிறது. மார்கழியிலும் தையிலும் உறைபனியில் கருகிய தேயிலையைப் பற்றியும் பிள்ளைகளின் விசாவைப் பற்றியும் எழுதிக்கொண்டிருந்தவர்கள், பங்குனி பிறந்ததும், வெளிநாட்டில் இருக்கும் மகனையோ மகளையோ அந்த ஊர்க்காரர்கள் தங்கள் வசந்தப் பண்டிகைக்கு அழைத்திருக்கிறார்கள், போகலாமா, போனால் எப்படி நடந்துகொள்வது என்று கேட்கத் தொடங்குகிறார்கள். இம்முறை அப்படிப்பட்ட கடிதங்களே மேசையில் குவிந்துவிட்டதால் மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். தேயிலை வணிகத்தின் பொருட்டுக் கெய்ரோவில் நான்கு ஆண்டுகளும் தாஷ்கண்டில் ஒரு வசந்த காலமும் வாழ்ந்தவன் என்பதும், மற்ற ஊர்களைப் பற்றி அங்கே வாழ்ந்தவர்களை நச்சரித்துக் கேட்டறிந்தவன் என்பதுமே இவற்றுக்குப் பதில் சொல்ல எனக்குள்ள தகுதி.

கேள்வி: என் மகள் உஸ்பெகிஸ்தானில், சமர்கந்து நகரில் மருத்துவம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவள் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் அம்மாள், மார்ச் 20ஆம் தேதி இரவு தெருப் பெண்கள் எல்லாரும் கூடி விடிய விடிய ஏதோ கிண்டுவார்கள் என்றும், நீயும் வரவேண்டும் என்றும் அழைத்திருக்கிறார். இவளுக்குக் கூச்ச சுபாவம். அவர்கள் மொழியும் அரைகுறை. அது மதச் சடங்கா, இரவில் போவது சரியா, வெறுங்கையோடு போகலாமா என்று என்னிடம் கேட்கிறாள். நான் கோயம்புத்தூரைத் தாண்டாதவள். என்ன சொல்வது?
— வாசகி, கோத்தகிரி

பதில்: தயங்காமல் போகச் சொல்லுங்கள், அம்மா. அந்த அம்மாள் உங்கள் மகளை வேடிக்கை பார்க்கக் கூப்பிடவில்லை, கிண்டக் கூப்பிட்டிருக்கிறார். மொழி தெரியாத கூச்சக்காரப் பெண்ணுக்கு இதைவிட வசதியான அழைப்பு கிடைக்காது. கையில் துடுப்பு இருக்கும்போது வாயில் பேச்சு இல்லாதது யாருக்கும் குறையாகத் தெரிவதில்லை.

அன்று நடப்பது நவ்ரூஸ் பண்டிகையின் முன்னிரவு. பகலும் இரவும் சமமாகும் மார்ச் 20 அல்லது 21ஆம் தேதியை ஒட்டி, ஈரான் தொடங்கி மத்திய ஆசிய நாடுகள் வரை வசந்தத்தின் பிறப்பாகக் கொண்டாடப்படும் நாள் அது; ஈரானியர்களுக்கு அதுவே ஆண்டுப் பிறப்பும்கூட. உஸ்பெகிஸ்தானில் மார்ச் 21 அரசு விடுமுறை. யுனெஸ்கோ 2009ஆம் ஆண்டு நவ்ரூஸைத் தன் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. மறு ஆண்டே ஐ.நா. பொதுச்சபை மார்ச் 21ஐ அனைத்துலக நவ்ரூஸ் நாளாக ஏற்றுக்கொண்டது.

கிண்டப்போகும் பண்டத்தின் பெயர் சுமலக். கோதுமையை ஊறவைத்து, தட்டில் பரப்பி, வெயில் படாமல் நிழலில் நீர் தெளித்து முளைக்க விடுவார்கள். வெள்ளை வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கோரைப்பாய் போல் ஆகிவிடும். முளை பச்சை பிடித்துவிட்டால் கசப்பு ஏறிவிடும் என்பதால், அதற்கு முன்பே எடுத்து அரைத்து, நீர் விட்டுப் பாலைப் பிழிந்து, கோதுமை மாவும் எண்ணெயும் சேர்த்து, ஆள் உட்காரும் அளவுள்ள இரும்புக் கொப்பரையில் விறகடுப்பில் ஏற்றுவார்கள். அதற்குப் பிறகு அடிபிடிக்கவிடாமல் மறுநாள் காலை வரை கிண்டிக்கொண்டே இருக்கவேண்டும். அடிபிடிப்பதைத் தடுக்கக் கழுவிய கூழாங்கற்கள் சிலவற்றையும் கொப்பரைக்குள் போடுவது வழக்கம். துடுப்பு சுழலும்போது அவை அடியில் உருண்டு கடகடவென்று ஓசை எழுப்பிக்கொண்டே இருக்கும். அல்வாவுக்குக் கோதுமைப் பால் எடுத்துப் பழகிய உங்களுக்கு இதில் பாதி வேலை புதிதாக இராது. புதிது எதுவென்றால், இவ்வளவு இனிப்பான பண்டத்தில் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் சேர்ப்பதில்லை. தானியம் முளைக்கும்போது அதில் சுரக்கும் நொதி, மாவுச்சத்தை உடைத்து மால்ட்டோஸ் என்னும் சர்க்கரையாக மாற்றுகிறது. அந்த இனிப்புதான் இரவெல்லாம் சுண்டிச் சுண்டி, காலையில் கருப்பட்டிப் பாகின் நிறத்துக்கு வந்துவிடுகிறது. மருத்துவம் படிக்கும் பெண்ணாகையால் இந்த வேதியியலை அவளே உங்களுக்கு இன்னும் நன்றாக விளக்குவாள்.

தாஷ்கண்டில் நான் இருந்த தெருவில் கிண்டும் பொறுப்பு பெண்களுடையது. ஆண்கள் விறகு பிளந்து போட்டோம், தேநீர் சுமந்தோம். பாட்டும் சிரிப்புமாக முறை மாற்றி ஒவ்வொருவராகத் துடுப்பைப் பிடிப்பார்கள். பிடிக்கும்போது மனத்துக்குள் ஒன்றை வேண்டிக்கொள்வார்கள். விடிந்ததும் எனக்கு வந்த கிண்ணத்தில் கரண்டி எதிலோ தட்டியது. எடுத்துப் பார்த்தால் கொப்பரைக் கல். சமையலில் கல் கிடந்தால் நம் வீட்டில் என்ன நடக்கும் என்ற நினைப்பில், யாருக்கும் தெரியாமல் அதைத் துடைத்துச் சட்டைப்பைக்குள் போட்டேன். எதிரே இருந்த கிழவி பார்த்துவிட்டார். கல் யாருக்கு வருகிறதோ அவருக்கு நினைத்தது கைகூடும் என்பது அவர்கள் நம்பிக்கையாம். நான் திருடனைப் போல் மறைத்ததைச் சொல்லிச் சொல்லி அந்தத் தெருவே ஒரு வாரம் சிரித்தது.

மதத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நவ்ரூஸ் இஸ்லாத்துக்கு மிக முற்பட்ட பருவத் திருநாள். இன்று அதைக் கொண்டாடுவோரில் மிகப் பலர் முஸ்லிம்களாகையால், கொப்பரையைத் திறக்கும்போது மூத்தவர் ஒருவர் உள்ளங்கைகளை ஏந்திச் சிறிது நேரம் பிரார்த்திப்பார். முடிந்ததும் எல்லாரும் கைகளால் முகத்தைத் தடவிக்கொள்வார்கள். அந்த அரை நிமிடம் உங்கள் மகள் பேச்சை நிறுத்தி அமைதியாக நின்றால் போதும், அதற்கு மேல் யாரும் எதிர்பார்ப்பதில்லை. இரவைப் பற்றிய கவலைக்கு இடமே இல்லை, ஏனெனில் அது அவள் குடியிருக்கும் தெருவின் முற்றம், சுற்றிலும் தாய்மார்கள், அழைத்தவர் வீட்டுக்காரம்மாள். ஆனால் அங்கே மார்ச் மாத இரவு நம் கோத்தகிரி இரவைப் போலவே எலும்பைத் தொடும். அடுப்புப் பக்கம் முகம் வேகும், முதுகு விறைக்கும். கம்பளிச் சட்டை இருக்கட்டும், தீயருகே தொங்கும் துப்பட்டா வேண்டாம்.

வெறுங்கையோடு போகவேண்டாம். சமர்கந்துப் பக்கத்தில் பச்சைத் தேயிலைதான் பெரிதும் குடிக்கிறார்கள். நீலகிரிப் பச்சைத் தேயிலையில் கால் கிலோ அவளிடம் இருந்தால் அதைவிடப் பொருத்தமான பொருள் வேறில்லை. இல்லையென்றால் சந்தையில் ஒரு கிலோ உலர் திராட்சை வாங்கிக்கொள்ளட்டும். தேநீர் கொடுக்கும்போது பிடியில்லாத கிண்ணத்தில் பாதிகூட ஊற்ற மாட்டார்கள். நம் பெண் அதைக் கஞ்சத்தனம் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. மீண்டும் மீண்டும் ஊற்றி உபசரிக்க விரும்பும் விருந்தாளிக்குத்தான் குறைவாக ஊற்றுவார்கள், நிரம்ப ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று பொருள். ரொட்டியைக் கத்தியால் வெட்டாமல் கையால் பிய்க்கவேண்டும். முகம் கீழே இருக்கும்படி ஒருபோதும் வைக்கக்கூடாது. கீரை அடைத்த சமோசா போன்ற ஒன்று வரும். அதில் ஆட்டுக் கொழுப்பு சேர்ப்பதுண்டு என்பதால், சைவமாக இருந்தால் கேட்டுவிட்டுச் சாப்பிடட்டும்.

இன்னும் ஒன்று. நிழலில் வளர்த்த அந்த வெளிறிய முளைகளைப் பார்த்ததும் அவளுக்கு நம் ஊர் முளைப்பாரி நினைவுக்கு வரும். எனக்கும் வந்தது. வந்த வேகத்தில், இதெல்லாம் எங்கள் ஊரிலும் உண்டு என்று நான் சொல்லத் தொடங்க, பேசிக்கொண்டிருந்தவர்கள் மரியாதைக்காகத் தலையாட்டினார்களே தவிர, பேச்சு அங்கேயே அறுந்துவிட்டது. முளைப்பாரியை நாம் தலையில் சுமந்து நீரில் கரைக்கிறோம். அவர்கள் அரைத்துக் கிண்டி ஊருக்கே பங்கிட்டு உண்கிறார்கள். ஒப்புமை சொல்ல ஆண்டு முழுவதும் இருக்கிறது. அந்த ஓர் இரவு அவர்களுடையதாகவே இருக்கட்டும்.

கேள்வி: பூம்பாறையில் பூண்டு போடும் எங்கள் குடும்பத்தில் என் மகன்தான் முதல் பட்டதாரி. தோக்கியோவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. செர்ரிப் பூ பார்க்க அலுவலகமே பூங்காவுக்குப் போகிறதாம். அதற்கு இவனைக் காலையிலேயே அனுப்பி, பாய் விரித்து, மாலை வரை உட்கார்ந்து இடம் பிடித்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். படித்த பிள்ளைக்கு இது அவமானம் இல்லையா? அங்கே எல்லாரும் குடிப்பார்கள் என்றும் சொல்கிறான், இவன் குடிப்பதில்லை. வீட்டுப் பூண்டு ஊறுகாய் ஒரு பாட்டில் அனுப்பலாமா?
— வாசகர், பூம்பாறை

பதில்: ஐயா, கொடைக்கானல் பேருந்து நிலையத்தில் வண்டி நிற்பதற்கு முன்பே சன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கும் பரம்பரை நாம். உங்கள் மகன் அந்தக் கலையை அயல்நாட்டில் நிலைநாட்டப்போகிறார் என்று பெருமைப்படுங்கள். ஜப்பானிய அலுவலகங்களில் மலர் காணும் விருந்துக்கு இடம் பிடிப்பது புதிதாகச் சேர்ந்தவரின் வேலை என்பது நெடுநாள் வழக்கம். இப்போதுள்ள மேலதிகாரியும் தம் முதல் ஆண்டில் அதே நீலநிறத் தார்ப்பாய்மேல் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கக்கூடியவர்தான். அங்கே நிதியாண்டும் பள்ளியாண்டும் ஏப்ரலில் தொடங்குவதால், பூ பார்க்கும் விருந்து புதியவர்களைச் சேர்த்துக்கொள்ளும் விருந்தாகவும் அமைந்துவிடுகிறது. இந்த வழக்கம் சலிப்பூட்டுகிறது என்று அந்நாட்டு இளைஞர்களே முணுமுணுப்பதும் உண்மை. ஆனால் முணுமுணுப்பது இரண்டாம் ஆண்டில் இருக்கட்டும்.

நாள் குறிப்பதில் அவர்கள் காட்டும் நுட்பத்தை உங்களைப் போன்ற விவசாயி ரசிப்பீர்கள். தோக்கியோவில் யாசுகுனி ஆலய வளாகத்தில் வானிலைத் துறை தேர்ந்தெடுத்த மாதிரி மரம் ஒன்று இருக்கிறது. அதில் ஐந்தாறு பூக்கள் மலர்ந்தால்தான் நகரில் செர்ரி பூத்துவிட்டதாக அறிவிப்பார்கள். எண்பது விழுக்காடு மலர்ந்தால் முழுமலர்ச்சி. பெரும்பாலும் மார்ச் கடைசியில் தொடங்கி ஏப்ரல் முதல் வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். நடுவில் ஒரு மழை பெய்தால் அதுவும் இல்லை. அந்த நாள்களில் திடீரென்று திரும்பிவரும் குளிருக்கு ‘ஹனபியே’ என்று ஒரு தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள், பூக்குளிர் என்று சொல்லலாம். ஆகவே மகனிடம் மங்கி குல்லாவைப் பெட்டியிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

பாயை மரத்தின் வேர்மேல் விரிக்கக்கூடாது. பாய்மேல் ஏறும்போது காலணியைக் கழற்றவேண்டும், இது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கிளையை வளைத்துப் படம் எடுப்பதும் பூவைப் பறிப்பதும் பெரிய அநாகரிகம். குப்பையைத் திரும்ப எடுத்துச் செல்லவேண்டும், மலையில் பிளாஸ்டிக் தடைக்குப் பழகிய பிள்ளைக்கு அதுவும் கடினமில்லை. குடிக்காதவர் கையில் ஊலோங் தேநீரை வைத்துக்கொண்டு மற்றவர்களோடு சேர்ந்து கோப்பையை உயர்த்தினால் யாரும் தவறாக நினைப்பதில்லை. அங்கே தன் கோப்பையைத் தானே நிரப்பிக்கொள்வது வழக்கமில்லை, அடுத்தவர் கோப்பையைப் பார்த்து நிரப்பவேண்டும். குடிக்காத ஒருவர் இந்த வேலையை எடுத்துக்கொண்டால் அன்று மாலை அவரைவிட வேண்டியவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

ஊறுகாய் மட்டும் வேண்டாம், ஐயா. புவிசார் குறியீடு பெற்ற உங்கள் மலைப்பூண்டின் மணத்தை நான் அறிவேன். திறந்த கணத்தில் அந்த மரத்தடியில் பூவை யாரும் பார்க்க மாட்டார்கள். முறுக்கும் நிலக்கடலை உருண்டையும் அனுப்புங்கள்.

கேள்வி: என் பேரன் ஃபின்லாந்தில் பொறியியல் படிக்கிறான். ஊட்டி மாரியம்மன் தேர்த்திருவிழாவுக்கு மூன்று ஆண்டுகளாக எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் ஏப்ரல் 30ஆம் தேதி வெள்ளைத் தொப்பியும் குஞ்சமுமாக அந்த ஊர்க் கூட்டத்தில் நின்று படம் அனுப்புகிறான். தன் ஊர்த் திருவிழாவை மறந்துவிட்டு இரவல் தொப்பி போட்டுக்கொள்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.
— வாசகர், உதகமண்டலம்

பதில்: பெரியவரே, இரண்டு தனித்தனி வழக்குகளை ஒரே மனுவில் எழுதியிருக்கிறீர்கள். தேருக்கு வராதது ஒன்று. அதற்கு அவர் பதில் சொல்லட்டும், ஏப்ரலில் பருவம் முடியாமல் விடுப்புக் கிடைத்திராது என்பது என் ஊகம். தொப்பி மற்றொன்று. அது இரவல் இல்லை. ஃபின்லாந்தில் வப்பு என்னும் அந்த வசந்தத் திருநாளில் சாதாரண வெள்ளைத் தொப்பி அணியும் உரிமை, பள்ளி இறுதிப் பொதுத்தேர்வில் தேறியவர்களுக்கு உரியது. குஞ்சம் வைத்தது பொறியியல் மாணவர்களுடையது, அதையும் முதலாண்டு மாணவர்கள் வப்பு வரை காத்திருந்துதான் தலையில் வைக்கிறார்கள். அன்று மாலை ஹெல்சிங்கியின் ஹாவிஸ் அமண்டா சிலைக்குக்கூட மாணவர்கள் தொப்பி அணிவிப்பது மரபு. மறுநாள் மே 1, குளிரோ மழையோ, பூங்காவில் விரிப்பு விரித்துச் சாப்பிடுகிறார்கள்; எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்த்து நுரைக்க வைத்த சீமா என்ற பானமும், நம் முறுக்கைப் பிழியும்போதே கைதவறியது போன்ற தோற்றமுடைய ஒரு பலகாரமும் உண்டு. உங்கள் பேரன் குஞ்சம் வைத்த தொப்பியோடு நிற்கிறார் என்றால், அந்த ஊர் மாணவர்கள் அவரைத் தங்களில் ஒருவராகக் கணக்கில் எழுதிக்கொண்டார்கள் என்று பொருள்.

உங்கள் ஊர்த் திருவிழாவையே பாருங்களேன். ஊட்டி மாரியம்மன் கோயிலில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சமூகத்தாரின் உபயம் நடக்கிறது; அவர்களில் பலருடைய முன்னோர் கீழேயிருந்தும் கேரளத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் பிழைப்புக்காக மலையேறியவர்கள். அவர்களும் ஒரு காலத்தில் ஓரமாக நின்று பார்த்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். பின்பு ஒரு நாள் தங்களுக்கென்று ஒரு நாளைக் கேட்டு வாங்கியிருப்பார்கள்.

கேள்வி: ஏப்ரலில் பாங்காக்கிலுள்ள அண்ணன் வீட்டுக்குப் போகிறோம். சித்திரை முதல் நாளும் அவர்களுடைய சொங்க்ரான் பண்டிகையும் ஒன்றாக வருகின்றன. பூசை செய்யவேண்டிய நாளில் தெருவில் தண்ணீர் பீய்ச்சி விளையாடுவது சரியா?
— வாசகி, கூடலூர்

பதில்: காலையில் பூசை, பிற்பகலில் தண்ணீர். தாய்லாந்து மக்களும் அப்படித்தான் செய்கிறார்கள். ‘சங்கிராந்தி’ என்ற சொல்லே அங்கே சொங்க்ரான் ஆயிற்று. சூரியன் மேஷத்தில் நுழையும் அதே கணக்கிலிருந்து வந்ததுதான், இப்போது ஏப்ரல் 13 முதல் 15 வரை என்று நிலைபெற்றுவிட்டது. அண்ணனின் அண்டை வீட்டில் முதியவர்கள் இருந்தால் காலையில் அவர்களைப் பார்க்கப் போங்கள். மல்லிகை இட்ட வாசனை நீரை அவர்களுடைய உள்ளங்கைகளில் மெல்ல ஊற்றி ஆசி பெறுவதுதான் இந்தப் பண்டிகையின் மூலம், தெருவிளையாட்டு பின்னால் வளர்ந்த கிளை. துறவிகள்மீதும் கைக்குழந்தைகள்மீதும் ஓடும் இருசக்கர வாகனங்கள்மீதும் நீர் வீசக்கூடாது. நனைந்தவர் உங்களை நனைப்பதற்குக் கோபித்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் அன்று வெளியே போகாமலிருப்பது நல்லது.

கேள்வி: மகனும் மருமகளும் கெய்ரோவில் இருக்கிறார்கள். மேல்வீட்டுக் குடும்பம் ஷம் எல் நசீம் என்ற விழாவுக்கு விடியற்காலையில் பூங்காவுக்குக் கூப்பிடுகிறதாம். அதன் முக்கிய உணவே நாற்றமெடுத்த மீன் என்கிறாள் மருமகள். அவள் சைவம், முட்டை மட்டும் உண்பாள். எப்படி மறுப்பது?
— வாசகி, குன்னூர்

பதில்: விழாவை மறுக்கவேண்டாம், மீனை மட்டும் மறுத்தால் போதும். அதை மனத்தாங்கல் இல்லாமல் மறுக்கலாம் என்பதற்கு நானே சாட்சி.

‘ஷம் எல் நசீம்’ என்றால் இளங்காற்றை முகர்தல். கிறித்தவக் காப்டிக் திருச்சபையின் ஈஸ்டருக்கு மறுநாள் திங்கள்கிழமை வரும். 2026இல் அது ஏப்ரல் 13, நம் சித்திரைப் பிறப்புக்கு முதல்நாள். நாள் கணக்கு தேவாலயத்தைச் சார்ந்தது என்றாலும் விழா நாட்டுடையது. முஸ்லிம்களும் கிறித்தவர்களும் ஒன்றாகக் கொண்டாடும் பொது விடுமுறை. விடிவதற்குள் வீட்டைப் பூட்டிக்கொண்டு, புல் இருக்கும் இடத்தைத் தேடிப் புறப்பட்டுவிடுவார்கள். நான் முதல் ஆண்டு போனது கெய்ரோவுக்கு வடக்கே நைல் அணைக்கட்டை ஒட்டிய கனாத்திர் தோட்டங்களுக்கு. படகில் இடுக்கிக்கொண்டு நின்ற கூட்டமும், ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் ஆடிய வெங்காயத்தாள் கட்டும் இப்போதும் கண்ணில் நிற்கின்றன.

அந்த மீனின் பெயர் ஃபெசீக். நம் மடவை மீன் இனத்தை உப்பிலிட்டு வாரக்கணக்கில் புளிக்கவைப்பது. கருவாட்டை வைத்து இதைக் கற்பனை செய்யாதீர்கள்; கருவாடு வெயிலில் காய்ந்து இறுகும், இதுவோ ஈரமாகவே இருந்து, சாம்பல் நிறத்தில் வெண்ணெய்போல் இளகியிருக்கும். சமைக்காமல் எலுமிச்சை பிழிந்து ரொட்டியோடு உண்பார்கள். மணத்தைப் பற்றி உங்கள் மருமகள் சொன்னதில் மிகையில்லை. அது மட்டுமன்று, உப்புக் குறைந்து பக்குவம் தவறினால் காற்றுப் புகாத அந்தச் சதையில் போட்டுலினம் என்ற நச்சு உருவாகும். 1991ஆம் ஆண்டு கெய்ரோவில் இப்படி 91 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு 18 பேர் இறந்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்நாட்டுச் சுகாதார அமைச்சகமே எச்சரிக்கை விடுக்கிறது. ஆகவே உங்கள் மகன் அசைவர் என்றாலும், உபசாரத்துக்காக வாயில் போட்டுக்கொள்ளவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எகிப்தியர்களிலேயே இதைத் தொடாமல் புகையூட்டிய ஹெர்ரிங் மீனோடு நிறுத்திக்கொள்பவர்கள் ஏராளம். உண்ட பிறகு பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, இமை தொங்கினாலோ, விழுங்க முடியாமல் போனாலோ, நாளை பார்க்கலாம் என்று இராமல் அப்போதே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

மீனை நீக்கிவிட்டாலும் உங்கள் மருமகளுக்கு அந்த விரிப்பில் நிறையவே உண்டு: வண்ணம் தீட்டிய அவித்த முட்டை, பச்சை வெங்காயம், லெட்டூஸ் கீரை, கசப்பு நீங்கப் பல நாள் ஊறவைத்துத் தோல் நீக்கி உண்ணும் தெர்மெஸ் என்ற மஞ்சள் பயறு. முதல்நாள் மாலையே மேல்வீட்டுக்குப் போய், குழந்தைகளோடு முட்டைக்கு வண்ணம் தீட்டும் வேலையில் சேர்ந்துகொள்ளச் சொல்லுங்கள். கோலம் போடத் தெரிந்த கை முட்டைமேல் ஓர் இழைக்கோலம் போட்டால், மறுநாள் அவர் தட்டில் மீன் இருக்கிறதா என்று யாரும் பார்க்கப்போவதில்லை.

கையில் கொண்டுபோக, நம் ஊர் வர்க்கியை அனுப்ப நினைப்பீர்கள். நானும் அதைத்தான் செய்தேன். ஊட்டியிலிருந்து வந்த இரண்டு கிலோ வர்க்கி, விமானப் பெட்டியில் அடிபட்டுத் தூளாகித்தான் கெய்ரோ வந்து சேர்ந்தது. வேறு பொருள் வாங்க நேரமில்லாமல், வெட்கத்தோடு அந்தப் பொட்டலத்தை அப்படியே நீட்டினேன். வீட்டுக்காரம்மாள் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, சூடான பாலை ஊற்றிச் சர்க்கரை தூவிக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டார். அடுத்த ஆண்டு நான் முழுசாக, பக்குவமாகத் தகர டப்பாவில் அடுக்கிக் கொண்டுபோனபோது, போன தடவை கொண்டுவந்த தூள் இல்லையா என்று குழந்தைகள் கேட்டார்கள்.

கேள்வி: சோஃபியா நகரில் இருக்கும் மகள், எட்டு வயதுப் பேரனோடு விடுமுறைக்கு வந்திருக்கிறாள். பேரனின் மணிக்கட்டில் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல் இருக்கிறது. மார்ச் 1ஆம் தேதி பள்ளியில் கட்டியதாம். அழுக்காகிவிட்டதே, கத்தரிக்கட்டுமா என்றால் கூடவே கூடாது என்று அழுகிறான். பூத்த மரத்தைப் பார்த்த பிறகுதான் கழற்றவேண்டுமாம். எங்கள் வீட்டுக் கொல்லையில் பேரி மரம் பூத்திருக்கிறது. வெளிநாட்டு நூலை இங்கே கழற்றினால் செல்லுமா என்று என்னையே கேட்கிறான். நான் என்ன பதில் சொல்ல?
— வாசகி, கேத்தி

பதில்: செல்லும் என்று உறுதியாகச் சொல்லுங்கள். அந்த நூலுக்கு மார்த்தெனீத்சா என்று பெயர். பல்கேரியாவில் மார்ச் மாதத்தைப் பாபா மார்த்தா, அதாவது மார்ச் பாட்டி என்று அழைக்கிறார்கள். நினைத்தால் சிரிப்பாள், நினைத்தால் சீறுவாள் என்பதால், அவளைக் குளிர்விக்க மார்ச் 1 அன்று ஒருவருக்கொருவர் இந்த நூலைக் கட்டிவிடுகிறார்கள். ருமேனியா, மால்டோவா, வட மாசிடோனியா ஆகிய நாடுகளிலும் இதன் உறவு முறைகள் உண்டு. நான்கையும் சேர்த்து 2017இல் யுனெஸ்கோ பட்டியலிட்டது. நாரையையோ பூத்த மரத்தையோ முதன்முதலாகப் பார்க்கும்வரை நூல் கையிலேயே இருக்கும்; அதன் பிறகு பூத்த மரத்தின் கிளையிலேயே கட்டிவிடுவது வழக்கம். காப்புக் கட்டிய நாளிலிருந்து அவிழ்க்கும் நாள்வரை அதை நாம் எப்படிக் காக்கிறோமோ அப்படியே அந்தக் குழந்தையும் காத்திருக்கிறான். கத்தரிக்கோலை எடுத்தது நம் பக்கத்துத் தவறு.

எந்த நாட்டு மரம் என்று அந்த வழக்கம் கேட்பதில்லை. காலை வெயில் ஏறியதும் அவனைக் கொல்லைக்குக் கூட்டிச் சென்று, முடிச்சை நீங்கள் அவிழ்த்துக் கொடுங்கள். மரத்தில் அவனே கட்டட்டும். அவன் கைக்கு எட்டும் உயரத்தில், நுனியில் பூவுள்ள சிறு கிளையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இறுக்கிக் கட்டினால் கிளை பருக்கும்போது நூல் பட்டையை அறுக்கும். ஒரு விரல் நுழையும்படித் தளர்த்தி விடச் சொல்லுங்கள்.